நாரிக்கு ஒரு கணக்கு, காப்புறுதிக்கு ஒரு கணக்கு

ஸ்காபரோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். எங்கள் மாடியில் காலை ஷிப்ட் ஏழு மணிக்குத் தொடங்கும். எட்டரை மணிச் சாப்பாட்டுக்குள் என் பங்குக்கு வருகிறவர்களைக் கழுவித் துடைத்து, பிறீஃப் மாற்றி, உடுப்புப் போட்டு, சக்கர நாற்காலியில் இருத்திக் கொண்டுபோக வேண்டும். பெரும்பாலானவர்கள் தாங்களாகத் திரும்பிப் படுக்க முடியாதவர்கள். கட்டிலுக்கு மேலே குனிந்து, ஒரு கையால் தோளையும் மறுகையால் இடுப்பையும் பிடித்துத் திருப்ப வேண்டும். பீ.எஸ்.டபிள்யூ. என்று இங்கே சொல்லும் இந்தத் தொழிலில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். நாரி நோகாத ஒருத்தியை நான் இன்னும் காணவில்லை.

எங்கள் இடைவேளை அறையில் பேச்சு பிள்ளைகளின் படிப்பில் தொடங்கி நாரியில் வந்து நிற்கும். ஒருத்தி சித்தாலேபப் போத்தலை எடுப்பாள். பிலிப்பைன்ஸ்காரி தன் நாட்டு எண்ணெயை நீட்டுவாள். காலால் பிறந்த ஆள் நாரியில் மிதித்தால் பிடிப்பு விடும் என்று ஊரில் சொல்வதை நான் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும் அதே கேள்வி வரும்: "உன்ரை கைரோபிராக்டர் ஆர்?"

நான் வைத்தியர் அல்ல. ஆனால் முள்ளந்தண்டுகளைத் தூக்கியும் திருப்பியும் பிழைப்பவள், சொந்த முள்ளந்தண்டையும் அதில் செலவழித்தவள் என்ற முறையில் இந்தக் கேள்வியைப் பற்றி வாசித்திருக்கிறேன், விசாரித்திருக்கிறேன். நாரி நோவுக்கு, முள்ளந்தண்டு மூட்டுகளைக் கையால் தள்ளி இளக்கும் கைரோபிராக்டரிடம் போகலாம் என்பதே என் எண்ணம். எத்தனை தரம் போவது என்பதைக் காப்புறுதி அட்டையிடம் விட்டுவிடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் நாரியைப் பற்றி. முள்ளந்தண்டில் அசையக்கூடிய எலும்புகள் 24. கழுத்தில் 7, நெஞ்சுக்குப் பின்னால் 12, நாரியில் 5. நாரியின் ஐந்தும்தான் ஆகப் பெரியவை. மேலுடம்பின் பாரம் முழுவதும் அவற்றின் மேல்தான் இறங்குகிறது. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருப்பது டிஸ்க். வெளியே அடுக்கடுக்கான நார் வளையம், உள்ளே நீர் செறிந்த கூழ். வளர்ந்தவர்களின் டிஸ்க்கினுள்ளே இரத்தக்குழாய் ஓடுவதில்லை. அழுத்தும்போது நீரை வெளியே விட்டு, அழுத்தம் குறையும்போது உறிஞ்சித்தான் அது தன்னைப் பேணிக்கொள்கிறது. பகல் முழுக்க நின்று நடந்த பிறகு பின்னேரம் அளந்து பார்த்தால் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு, சிலர் அதற்கும் மேலே, குட்டையாகியிருப்பார்கள். இரவு படுத்ததும் டிஸ்க்குகள் நீரைக் குடித்து மறுபடி உப்பும்.

ஆகவே காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது டிஸ்க் உப்பி விறைத்திருக்கும். அந்த நேரம் ஆழக் குனிந்தால் அதன் வளையத்திலும் பின்பக்கத் தசைநார்களிலும் விழும் இழுவை மற்ற நேரத்தைவிட அதிகம். ரொறன்ரோவிலிருந்து மேற்கே கார் ஓட்டினால் வருகிற வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மக்கில் என்ற பேராசிரியர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக முள்ளந்தண்டையே ஆராய்ந்தவர். எழும்பிய கையோடு குனிந்து நிமிரும் பயிற்சி எதுவும் வேண்டாம் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன புத்தி. நாள்பட்ட நாரி நோ உள்ளவர்களை விடியற்காலைக் குனிவைத் தவிர்க்கச் சொல்லிப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 1998-இல் வந்தது. அதில் அவர்களின் நோ குறைந்தது. எங்கள் ஷிப்ட் அட்டவணையை எழுதியவர் இதையெல்லாம் அறிந்திருக்க நியாயமில்லை. நாங்கள் ஐந்தரைக்கு எழும்பி, பஸ்ஸில் குந்தியிருந்து, ஏழு மணிக்கு முதல் ஆளின் மேல் குனிகிறோம்.

அடிபடுவது பெரும்பாலும் கடைசி இரண்டு டிஸ்க்குகள்தான். அந்த மட்டத்தில் வெளியே வரும் நரம்புகள் சேர்ந்துதான் தொடையின் பின்னால் இறங்கிக் கால்வரை ஓடும் சியாட்டிக் நரம்பு ஆகிறது. டிஸ்க் பிதுங்கி ஒரு நரம்பின் வேரை உறுத்தினால் நாரியைவிடக் கால்தான் கூடுதலாகக் கொதிக்கும். டிஸ்க்தான் இதற்குக் காரணம் என்று மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு பொஸ்டன் வைத்தியர்கள் 1934-இல்தான் தெளிவாக எழுதினார்கள். ஆனால் நாரி நோக்களில் பெரும்பகுதி இந்த வகை அல்ல. தசை, மூட்டு, டிஸ்க், மனக்கவலை, நித்திரையின்மை எல்லாம் கலந்து, இன்ன இடம் என்று விரல் வைக்க முடியாத நோதான் அதிகம். உலகத்தில் 2020-இல் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு நாரி நோ இருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இனிக் கைரோபிராக்டர். அவர்களின் மூலபுருஷர் எங்கள் ஊர்க்காரர்தான், அதாவது இப்போதைய எங்கள் ஊர். டானியல் டேவிட் பால்மர் 1845-இல் பிக்கரிங் பகுதியில் பிறந்து, போர்ட் பெரியில் வளர்ந்தவர். இன்று பிக்கரிங்கிலும் ஏஜெக்ஸிலும் தெருவுக்கு நாலு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. பால்மர் இருபது வயதளவில் அமெரிக்காவுக்குப் போய், அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட்டில் காந்த வைத்தியம் செய்துகொண்டிருந்தார். 1895 செப்டெம்பரில் அந்தக் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் ஹார்வி லில்லர்ட் என்ற கறுப்பினத்தவரின் முதுகெலும்பு ஒன்றைத் தள்ளிவிட்டதாகவும், பல வருடமாகக் கேளாத செவி அவருக்குக் கேட்டதாகவும் சொன்னார். செவி நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே தொடங்கி மூளைக்குள் போய்விடுகிறது; முதுகெலும்பை அது எட்டியும் பார்ப்பதில்லை. பால்மர் அதோடு நிற்கவில்லை. நோய்களில் 95 சதவீதம் விலகிய முள்ளெலும்புகளால் வருகிறது என்று எழுதினார். அனுமதியில்லாமல் வைத்தியம் பார்த்ததற்காக 1906-இல் சிறைக்கும் போனார்.

அப்படிப் பிறந்த தொழில் நூற்றிச்சொச்ச வருடத்தில் நிறைய மாறிவிட்டது. ரொறன்ரோவில் 1945-இல் தொடங்கிய கனேடியன் மெமோரியல் கைரோபிராக்டிக் கல்லூரியில் பல்கலைக்கழகப் படிப்புக்கு மேல் நாலு வருடம் படிக்க வேண்டும். ஒன்ராறியோவில் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்துகிறது. முள்ளந்தண்டு மூட்டை அதன் வழக்கமான எல்லைக்கு அப்பால் சடாரென்று தள்ளுவது கட்டுப்படுத்தப்பட்ட செயல்; சட்டம் அனுமதித்தவர் மட்டுமே செய்யலாம். அவர்கள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடலாம், எக்ஸ்றே எடுக்கலாம். மருந்து எழுத முடியாது. அமெரிக்காவில் வைத்தியர் சங்கம் இவர்களை ஒதுக்கிவைத்திருந்தது சட்டவிரோதம் என்று 1987-இல் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. ஆனால் பால்மரின் விலகிய எலும்புக் கதையை இன்னும் விடாதவர்களும் அதே பட்டத்தோடுதான் அடுத்த தெருவில் இருக்கிறார்கள். வெளிப் பலகையைப் பார்த்து ஆள் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது.

எனக்கு இரண்டு பக்கத்தையும் பார்க்கக் கிடைத்தது. சறுக்கி விழப்போன ஒரு அம்மாவை அணைத்துப் பிடித்த நாளிலிருந்து எனக்கு இடது பக்க நாரி பிடித்துக்கொண்டது. முதலில் போனது தோசைக் கடைக்கும் வரி நிரப்பும் கந்தோருக்கும் நடுவில் இருந்த ஒரு கிளினிக். உள்ளே போனதும் கேட்டது என் காப்புறுதி அட்டையை. உடனே எக்ஸ்றே. படத்தில் கோடு கீறி, என் எலும்புகள் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன, சரிக்கட்டாவிட்டால் ஐந்து வருடத்தில் நடக்கக் கஷ்டப்படுவேன் என்றார் அந்த மனுசன். கிழமைக்கு மூன்று தரம் வரச்சொல்லி ஓர் அட்டவணை அச்சடித்துத் தந்தார். பஸ்ஸில் இருந்து கூட்டிப் பார்த்தேன். என் வேலைத்தலக் காப்புறுதி கைரோபிராக்டருக்கு வருடத்துக்கு எவ்வளவு தருமோ, அந்த டொலரில் அட்டவணை அச்சொட்டாக முடிந்திருந்தது.

இது ஏன் இப்படி என்பதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. 2004 டிசம்பர் முதலாம் திகதியோடு ஒன்ராறியோ அரசு தன் ஓஹிப் மருத்துவத் திட்டத்திலிருந்து கைரோபிராக்டிக்கை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு செலவு வேலைத்தலக் காப்புறுதியிலும் சொந்தப் பையிலும் விழுந்தது. குடும்ப வைத்தியரிடம் போனால் ரைலனோல் போட்டு ஆறு கிழமை பார் என்பார். அது சரியான புத்திதான், ஆனால் கையோடு எதுவும் கிடைக்காது. கைரோபிராக்டர் உடனே பார்ப்பார், தொடுவார், கதை கேட்பார். காப்புறுதி ஆண்டு முடிவோடு காலாவதியாவதால் எங்கள் ஆட்களுக்கு நவம்பர், டிசம்பரில் நாரி நோ கூடிவிடும். கார் விபத்து என்றால் கணக்கு வேறு: சிறு காயங்களுக்கு 3,500 டொலர் என்று மாகாணம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. அந்தத் தொகை முடியும் மட்டும் நோ முடியாத ஆட்களை எங்கள் சமூகத்தில் எல்லோருக்கும் தெரியும். இதைப் பகிடியாகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறோம். ஆனால் உண்மையாகவே நோவோடு இருப்பவரின் முறைப்பாட்டையும் காப்புறுதிக்காரர் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இந்தச் சிரிப்பும் ஒரு காரணம்.

இரண்டாவதாகப் போனது இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளையிடம். இருபது நிமிடத்துக்குக் கிட்ட கேள்விதான். சலம் போவதில் சிக்கல் இருக்கா, இருக்கும் இடத்தில் மரத்துப் போகிறதா, காய்ச்சல், மெலிவு, முன்பு புற்றுநோய், எலும்புத் தேய்வு எதுவும் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். முழங்காலையும் குதிக்காலையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். மல்லாக்கப் படுக்கவைத்து ஒவ்வொரு காலாக நீட்டி உயர்த்தினாள். பெருவிரலைத் தன் கைக்கு எதிராகத் தள்ளச் சொன்னாள். எக்ஸ்றே எடுக்கவில்லை.

"ஆன்ரி, எலும்பு ஒண்டும் விலகேல்லை. மூட்டு இறுகியிருக்கு, தசை பயந்துபோய்ப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. கொஞ்சம் இளக்கி விடுறன். மிச்சம் நீங்கள்தான் செய்யோணும்."

"எத்தனை தரம் வரோணும் பிள்ளை?"

"நாலஞ்சு கிழமைக்குள்ள மாற்றம் தெரியாட்டி என்னட்ட வராதேங்கோ, டொக்டரிட்ட போங்கோ."

காப்புறுதி அட்டையைக் கடைசியில்தான் கேட்டாள்.

அவள் செய்ததைச் சொல்கிறேன். வலப்பக்கம் சரிந்து படுக்கவைத்து, மேல் காலை மடித்து, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமும் மெல்ல முறுக்கினாள். மூச்சை விடச் சொன்னாள். விடும்போது உள்ளங்கையால் நாரியில் ஒரு தள்ளு. வேகமானது, ஆனால் மிகச் சிறியது. 'டக்' என்று ஒரு சத்தம். சிலிர்த்துப்போனேன், நோ ஒன்றும் பெரிதாக இல்லை. அன்று பின்னேரம் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்ட முடிந்தது. மறுநாள் அந்த இடம் கண்டிப்போன மாதிரி இருந்தது. அப்படி ஒன்றிரண்டு நாள் இருப்பது வழமையாம்.

அந்தச் சத்தத்தை எலும்பு தன் இடத்துக்கு வந்து பொருந்திய சத்தம் என்று நம்புகிறவர்கள் அநேகம். யூரியூப்பில் முதுகு முறிக்கும் காணொளிகளுக்குக் கிடைக்கும் பார்வைகள் எல்லாம் அந்தச் சத்தத்துக்குத்தான். 2015-இல் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் கிரெக் கோசக் என்பவரின் குழு ஓர் ஆளின் விரல்களை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைத்து ஒவ்வொன்றாக இழுத்துச் சொடக்கெடுத்துப் படம் பிடித்தது. மூட்டின் இரு பரப்புகளும் சடாரென்று பிரியும்போது நடுவிலுள்ள திரவத்தில் ஒரு வெற்றிடக் குழி உண்டாகிறது. சத்தம் பிறப்பது அப்போதுதான். எலும்பு இடம் மாறுவதில்லை. இடுப்பு மூட்டைத் தள்ளுவதற்கு முன்னும் பின்னும் துல்லியமாக அளந்து பார்த்த ஒரு சுவீடன் ஆய்வும் 1998-இல் அதையே சொன்னது: மூட்டின் நிலையில் மாற்றம் இல்லை. அப்படியானால் சுகம் எங்கிருந்து வருகிறது? இறுகிய தசை இளகுவதாலும், நரம்புகள் மூளைக்கு அனுப்பும் செய்தி சிறிது நேரத்துக்கு மாறுவதாலும், ஒருவர் அக்கறையோடு தொட்டதாலும் என்பதே இப்போதுள்ள விளக்கம். மூன்றாவதை நான் குறைவாக மதிப்பதில்லை. என் தொழிலில் பாதி அதுதான்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? நாள்பட்ட நாரி நோவில் இப்படித் தள்ளும் சிகிச்சை பற்றிய பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து 2019-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல் வெளியிட்டது. உடற்பயிற்சி போன்ற ஏற்கெனவே பரிந்துரைக்கப்படும் சிகிச்சைகளுக்கு ஏறக்குறைய இது சமம். அவற்றைவிடப் பெரிதாக மேலும் இல்லை, கீழும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியும் பயிற்சி, விளக்கக் கல்வி ஆகியவற்றோடு இதையும் மசாஜையும் தரக்கூடியவை என்றே வைத்திருக்கிறது. வேண்டாம் என்று சொன்ன பட்டியலில் நாரிப் பெல்ட், இழுவைச் சிகிச்சை, ஓபியொயிட் மாத்திரை எல்லாம் வருகின்றன. நோ இல்லாதவர் வருடம் முழுக்கப் 'பராமரிப்புக்கு' வரவேண்டும் என்பதற்கோ, ஆஸ்துமாவுக்கோ, குழந்தையின் காதுவலிக்கோ இதனால் பலன் என்பதற்கோ நல்ல ஆதாரம் இல்லை.

கழுத்து வேறு கதை. கழுத்துக்குள்ளால் மூளைக்கு ஏறும் முள்ளெலும்பு நாடியின் சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். ரொறன்ரோவில் ஒரு பெண் கழுத்துச் சிகிச்சைக்குச் சில நாட்களின் பின் பக்கவாதம் வந்து 1996-இல் இறந்தார். அவரின் மரண விசாரணை 2004-இல்தான் முடிந்தது. 2008-இல் வெளியான ஒன்ராறியோ ஆய்வு ஒன்று, இந்தப் பக்கவாதம் வந்தவர்கள் முந்திய நாட்களில் கைரோபிராக்டரைப் போலவே குடும்ப வைத்தியரையும் பார்த்திருந்ததாகக் கண்டது. நாடி கிழியத் தொடங்கியதால் வந்த கழுத்து நோவுக்கே அவர்கள் வைத்தியம் தேடியிருக்கலாம் என்பது அதன் வாதம். வாதம் எப்படியோ போகட்டும். நாரிக்குப் போன இடத்தில் "கழுத்தையும் ஒருக்கா எடுத்துவிடவோ?" என்று கேட்டால் நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

நாரியிலும் சிலருக்குத் தள்ளுச் சிகிச்சை கூடாது. எலும்புத் தேய்வு உள்ள முதிய பெண்கள், கனகாலம் ஸ்டெரொயிட் எடுத்தவர்கள், புற்றுநோய் வந்தவர்கள், விழுந்த பிறகு நோ தொடங்கியவர்கள் முதலில் வைத்தியரைப் பார்க்க வேண்டும். சலம் முட்டியும் போகாமல் நின்றாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, சைக்கிள் சீற்றில் படும் பகுதி மரத்தாலோ, இரண்டு காலும் வலுவிழந்தாலோ ஒருவரையும் தேடாமல் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். முண்ணாண் நாரியின் மேல்பகுதியோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் கற்றையாக இறங்குகின்றன. அந்தக் கற்றை நசுங்கினால் மணித்தியாலங்களுக்குள் அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும். எங்கள் பெண்கள் சலம் பற்றிய கேள்விக்கு வெட்கப்பட்டு "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிடுவார்கள். இந்த ஒரு விஷயத்தில் வெட்கம் ஆபத்து.

எங்கள் ஆட்களுக்கு எம்.ஆர்.ஐ. மேல் இருக்கும் பக்தியும் எனக்கு விளங்குவதில்லை. நோவே இல்லாத 98 பேரைப் படம் பிடித்துப் பார்த்த ஆய்வு 1994-இல் வந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் டிஸ்க் உப்பியிருந்தது. பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்த 2015-ஆம் ஆண்டுக் கணக்கில், நோ இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்வு தெரிந்தது. எண்பது வயதில் 96 சதவீதம். படத்தில் தேய்வு என்று எழுதியிருப்பது பெரும்பாலும் நரைமயிர் என்று எழுதியிருப்பதற்குச் சமம். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: பிதுங்கி வெளியே வந்த டிஸ்க் துண்டை உடம்பே தின்று கரைத்துவிடுவது சாதாரணம். பெரிய துண்டுகள்தான் கூடுதலாகக் கரைகின்றன.

படுக்கையும் உதவாது. ஹெல்சிங்கியில் மாநகராட்சி ஊழியர்களை வைத்து 1995-இல் வெளியான பரிசோதனையில், படுத்துக் கிடந்தவர்கள்தான் ஆகப் பிந்திச் சுகமானார்கள். நோ விட்ட அளவுக்கு வழமையான வேலைகளைச் செய்தவர்கள் முந்தினார்கள். அவுஸ்திரேலியாவில் நோ மாறிய 701 பேரை எடுத்து, ஒரு பகுதியினரைப் படிப்படியாக நடைக்குப் பழக்கிய முடிவு 2024-இல் வந்தது. சும்மா விட்டவர்களுக்குச் சராசரியாக 112 நாளில் நோ திரும்பியது. நடந்தவர்களுக்கு 208 நாள் எடுத்தது. அந்தத் தமிழ்ப் பிள்ளை எனக்குத் தந்த பயிற்சிகள் வாட்டர்லூப் பேராசிரியருடையவை. நாலுகாலில் நின்று ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டுவது. முழங்கையில் ஊன்றிப் பக்கவாட்டில் உடம்பை உயர்த்துவது. மல்லாக்கப் படுத்து நாரிக்குக் கீழே கையை வைத்துத் தலையைச் சற்றே தூக்குவது. பின்னேரம் சோறு வேகும் நேரத்துக்குள் முடிந்துவிடும். நாரி நோ இப்போதும் வரும், போகும். வந்தால் முன்போலப் பயமில்லை.

ஆனால் எந்தப் பயிற்சியும் எந்தத் தள்ளும் எங்கள் வேலையின் கணக்கை மாற்றாது. நல்ல நிலைமையிலும் ஒரு நோயாளியைக் கையால் தூக்குவதற்கு 35 இறாத்தலே எல்லை என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். நாங்கள் கடையில் வாங்கும் பெரிய அரிசிப் பை 40 இறாத்தல். எங்கள் மாடியில் அதைவிட இலேசான ஆள் ஒருவரும் இல்லை. அதற்காகத்தான் ஹொயர் லிஃப்ட் என்ற இயந்திரம்: ஆளுக்குக் கீழே துணித் தொட்டிலை விரித்து, கொக்கிகளில் மாட்டி, பொத்தானை அமத்தினால் தூக்கும். இரண்டு பேர் நின்றுதான் இயக்க வேண்டும், நேரமும் எடுக்கும். எட்டரை மணிச் சாப்பாடு நெருங்க நெருங்க அந்த நேரம்தான் இல்லாமல் போகிறது.

மாடிக்கு இரண்டு லிஃப்ட் இருக்கின்றன; ஒன்று பெரும்பாலும் பற்றரி இறங்கி சார்ஜில் நிற்கும். மூன்றாவது ஒன்றும், காலை ஷிப்டுக்கு இன்னுமொரு ஆளும் கேட்டு யூனியன் மூலம் கடிதம் கொடுத்தோம். நிர்வாகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. ஆளுக்கொரு நாரிப் பெல்ட் வாங்கித் தருகிறார்களாம். அளவு கேட்டு ஒரு படிவம் இடைவேளை அறையில் ஒட்டியிருக்கிறது.